எட்டு நொடி யோசனை

நிம்மதியின் விலை ஆண்டுக்குப் பத்தொன்பது லட்சத்து நாற்பதாயிரம், வரி தனி, ஐந்தாண்டுக்குச் சேர்த்து எடுத்தால் நூற்றுக்குப் பதினைந்து தள்ளுபடி, அச்சடித்தே கொடுத்துவிட்டார்கள், 'முழு நிம்மதித் திட்டம்' என்று பெயரும் வைத்துவிட்டார்கள், அதற்குக் கீழே சாதா நிம்மதித் திட்டம் ஒன்றும் இருக்கிறது, அதில் ஞாயிற்றுக்கிழமை போனை எடுக்கமாட்டார்கள்... எடுக்காவிட்டால் போகட்டும், ஆனால் அவள் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே கழுத்தில் டை கட்டி விற்க வந்த அந்த டைக்காரன் தள்ளுபடியைத் தூக்கி மேசைமேல் வைத்தானே, அது ஏன்? பேரம் பேசத் தயாராக வந்தவளைப் பேச விடாமல் செய்துவிட்டுப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தானே, பதினைந்தை இப்படிச் சும்மா விடுகிறவன் எங்கோ முப்பதை ஏற்றிவைத்திருக்க வேண்டும், அல்லது... அல்லது வேறு யாருக்கோ வேறு எதையோ ஏற்கெனவே கொடுத்து முடித்திருக்க வேண்டும். மணி ஒன்றேகால். நாலு மணிக்குத் தேர்வுக் கூட்டம். தலைமை வடிவமைப்பாளர் என்ற முறையில் மதிப்பெண் தாளின் அடியில் அவள் ஒருத்தி கையெழுத்துப் போட்டால் போதும், அறுபதாயிரம் தொழிலாளிகளுடைய சம்பளக் கணக்கு இனி எந்த அப்ளிகேஷன் சர்வரின் தோளில் உட்காரும் என்பது முடிவாகிவிடும். தப்பாகப் போட்டால் மாதக் கடைசி நாள் காலை பத்து மணிக்கு அறுபதாயிரம் பேரும் ஒரே நேரத்தில் போனைத் திறந்து சம்பளச் சீட்டைத் தேடும்போது எல்லாம் மூச்சடைத்து விழும், அப்புறம் அவளையும் தேடுவார்கள். ஆனால் காலையிலிருந்து அவள் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது மதிப்பெண் தாளை இல்லை. உள்தணிக்கைக்கு எழுதி முடித்து அனுப்பாமல் வைத்திருந்த ஒரு கடிதம்.

மூன்று சர்வர்கள் போட்டியில். அப்ளிகேஷன் சர்வர் என்றால் என்னவென்று அண்ணன் கேட்டபோது அவள் சொன்னது, 'கடையில கவுண்டர்ல நிக்கிற ஆளு. வாசல்ல கூட்டம், பின்னால குடோன், நடுவுல இவன். யாருக்கு என்ன வேணும்னு கேட்டு, எடுத்துக் கொடுத்து, பில் போட்டு அனுப்பணும். இவன் திணறினா குடோன் நிறைய சரக்கு இருந்தும் கடை நாறிடும்.' முதலாவது, டைக்காரன் விற்கும் சர்வர், அலுவலகத்தில் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர், வரும்போதே நாலு பேரோடு வருவார், அவருக்கென்று தனிப் பெட்டி, தனி ஆள், தனிப் பயிற்சி, வந்த பிறகு வீட்டுச் சாமான்களையெல்லாம் தன் வசதிக்கு மாற்றிப் போடச் சொல்வார். இரண்டாவது இலவசம், யார் வேண்டுமானாலும் இறக்கிப் போட்டுக்கொள்ளலாம், பெயர் பக்கத்து வீட்டுப் பையன், கூப்பிட்டால் ஓடி வருவான், கைமாறு கேட்கமாட்டான், ஆனால் அவசரத்துக்குக் கூப்பிடும்போது வீட்டில் இருப்பான் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மூன்றாவது இப்போது இருப்பவர், கிழவர், ஆறு வருடத்துக்கு முன்னால் அவளே தேர்ந்தெடுத்தது, இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை மாதக் கடைசியில் மயங்கி விழுகிறார், தண்ணீர் தெளித்து எழுப்ப வேண்டியிருக்கிறது, அடுத்த வருடத்தோடு அவருக்கு வைத்தியம் பார்ப்பதை நிறுத்திக்கொள்கிறோம் என்று செய்த நிறுவனமே கைவிரித்துவிட்டது. மதிப்பெண் தாள் திரையில் இருந்தது. மாப்பிள்ளை எண்பத்திரண்டு, பையன் அறுபத்தொன்று, கிழவர் ஐம்பத்தைந்து. அறுபத்தொன்று! பையன் அவ்வளவு மோசமா? வேகத்துக்கு மட்டும் முப்பது மதிப்பெண், அதில் பையனுக்குக் கிடைத்தது நாலு. மூவாயிரம் பேர் கூட்டத்தில் மாப்பிள்ளை ஒரு ஆளுக்குப் பதில் சொல்ல எடுத்துக்கொண்டது அரை நொடிக்கும் குறைவு, பையனுக்கு ஏழரை நொடி. ஏழரை... ஏழரை நொடி என்பது எப்பேர்ப்பட்ட நேரம், அதற்குள் ஒரு மனிதன் போனைத் தூக்கி எறியலாம், எடுத்து மறுபடி எறியலாம்.

அவள் சந்தேகத்தைப் பிறப்பிலேயே வாங்கி வந்தவள், அதற்கு அவள் என்ன செய்வாள், அப்பாவின் இரும்புக்கடையில் தராசுக்கும் ஆணிப் பெட்டிக்கும் நடுவில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவள், வருகிறவன் சட்டைப்பையில் கையை எப்போது விடுகிறான், கிளம்புகிற மாதிரி நடித்துவிட்டு வாசல்படியில் எத்தனை நேரம் செருப்பைத் தேடுகிறான் என்பதையெல்லாம் வாய்ப்பாட்டோடு சேர்த்துப் படித்தவள். அப்பாவுக்கு ஒரு அளவுகோல் இருந்தது. விலை கேட்டால் பட்டென்று சொல்கிறவனை நம்பலாம், கண்ணை மேலே உருட்டிவிட்டுச் சொல்கிறவன் அந்த இடத்தில் வைத்து விலையை உருவாக்குகிறான். 'யோசிக்கிறான்னா ஏமாத்துறான்னு அர்த்தம்மா, உண்மைக்கு எதுக்கு யோசனை?' இதை வைத்துக்கொண்டுதான் அவள் இருபத்தைந்து வருடம் பிழைத்திருக்கிறாள், வேலைக்கு ஆள் எடுப்பதில், ஒப்பந்தம் பேசுவதில், மகனிடம் எங்கே போனாய் என்று கேட்பதில், பெண் பார்க்க வந்தவர் 'குடிப்பீங்களா' என்ற கேள்விக்குப் பட்டென்று 'எப்பவாவது' என்று சொன்னதில்... பட்டென்று சொன்னார் என்பதற்காகவே கட்டிக்கொண்டாள், அது எப்பவாவது இல்லை என்பது பிறகு தெரிந்தது, ஆனாலும் அளவுகோலைக் குறை சொல்லவில்லை, அளந்தவள் சின்னப்பெண் என்று விட்டுவிட்டாள். சரி, இப்போது அளக்க வேண்டியவர் வேறு ஆள்.

சல்லடை. பரிசோதனைக் கூடத்துப் பொறுப்பாளர், பதினோரு வருடப் பழக்கம், அவர் கையிலிருந்து ஒரு தூசி தப்பாது என்பதால் வந்த பெயர், காப்பி இயந்திரம் கொடுக்கும் காகிதக் கோப்பையைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். அந்த மனிதர் போன வெள்ளிக்கிழமை வண்டி நிறுத்துமிடத்தில் டைக்காரனோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தார். சல்லடை சிரிப்பாரா? பதினோரு வருடத்தில் அவர் பல் எப்படி இருக்கும் என்றே அவளுக்குத் தெரியாது. டைக்காரன் காரின் பின்கதவைத் திறந்து ஒரு அட்டைப்பெட்டியை எடுத்தான், கனமான பெட்டி, இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தான், சல்லடை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்தார், பார்த்தாரா? அல்லது கழுத்தைச் சொடுக்கினாரா? பார்த்தார் என்றுதான் அவளுக்கு நினைவு. அவள் தூணுக்குப் பின்னால் நின்றிருந்தாள், சாவியைத் தேடுகிற மாதிரி. திங்கட்கிழமை பரிசோதனை அறிக்கை வருகிறது, மாப்பிள்ளைக்கு அரை நொடி, பையனுக்கு ஏழரை. இதற்கு மேல் என்ன வேண்டும்? கடிதத்தில் எல்லாம் எழுதிவிட்டாள், தேதி, நேரம், பெட்டி, 'பரிசோதனையில் வேண்டுமென்றே ஒரு தரப்புக்குச் சாதகமாகப் பாரபட்சம் காட்டப்பட்டிருப்பதாகச் சந்தேகிக்க இடமிருக்கிறது', சந்தேகிக்க இடமிருக்கிறது... நல்ல வாக்கியம், ஒரு ஆளின் வேலையை எடுத்துவிடும், ஆனால் எடுத்தது யார் என்று வாக்கியத்தில் இருக்காது. அனுப்ப வேண்டியதுதான். நாலு மணிக்குள். ஆனால் எப்படிச் செய்தார் என்று மட்டும் பிடிபட்டுவிட்டால்... பூட்டு உடையவில்லை, சரக்குக் குறைந்திருக்கிறது என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

ஏதாவது ஒரு எண் இடிக்க வேண்டுமே, எந்தக் கள்ளக்கணக்கிலும் ஒரு எண் இடிக்கும். அறிக்கையின் கடைசிப் பக்கத்து அட்டவணைக்குப் போனாள், யாரும் படிக்காத அட்டவணை, ஒரு மணி நேரத்தில் மொத்தம் எத்தனை தடவை கேட்டதற்குப் பதில் கொடுத்து முடித்தது என்ற கணக்கு. மாப்பிள்ளை பன்னிரண்டு லட்சத்து எண்பத்தையாயிரம். பையன் பதினாலு லட்சத்து நாற்பதாயிரம். இரண்டாம் தடவை பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். மெதுவாக வேலை செய்தவன் அதிக வேலை செய்திருக்கிறான்? எழுந்து கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு அண்ணனைக் கூப்பிட்டாள், கடை இப்போது அவன் கையில், சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டால் பிடிக்காது, பிடிக்காவிட்டால் என்ன. 'என்னம்மா, பெரிய இடத்துலருந்து போன் வருது, கடன் கிடன் வேணுமா?' என்றான் வாயில் சோற்றோடு. 'அண்ணா, ஒரு கணக்கு. ரெண்டு கவுண்டரு. ரெண்டுக்கும் அதே அளவு கூட்டம். ஒருத்தன் அரை செகண்டுல பில் போடுறான், இன்னொருத்தன் ஏழரை செகண்டு. ஆனா சாயங்காலம் எண்ணிப் பாத்தா மெதுவா போட்டவன்தான் அதிகமா பில் போட்டிருக்கான். எப்படி?' அண்ணன் மெல்லுவதை நிறுத்தினான். 'யார்றா அவன், அவனை நம்ம கடைக்கு அனுப்பு.' 'விளையாடாதே அண்ணா.' 'விளையாடலடி. அந்த மெதுவானவன் மெதுவானவன் இல்ல. அவன்கிட்ட வர்றவனுங்க பில்லை வாங்கின கையோட அப்படியே திரும்பி வரிசையில வந்து நிக்கிறானுங்க, மூச்சு விட விடாம. இன்னொருத்தன்கிட்ட வாங்கினவனுங்க வாசல்ல நின்னு பில்லை மேலயும் கீழயும் பாத்து, சில்லறைய எண்ணி, பொண்டாட்டிக்குப் போன் பண்ணிட்டு, அப்புறம் ஆடி அசைஞ்சு வரானுங்க. ஆளு ஒண்ணுதான், கூட்டம் ஒண்ணு இல்ல. யாரு அந்த வேலையப் பாத்தது?' 'அதைத்தான் தேடுறேன்.' 'கெடைச்சா சொல்லு, எனக்கும் ஒருத்தனைத் தொலைக்கணும்' என்று சிரித்தான், வைத்தான்.

யோசிக்கும் நேரம்! போனை மேசைமேல் வைத்துவிட்டு நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள், திருடனின் கால் தடம் தெரிந்த சந்தோஷம். பரிசோதனையில் மூவாயிரம் பேர் என்றால் உண்மையில் மூவாயிரம் பேரா வருகிறார்கள், ஒரு கோப்பில் எழுதிவைத்த மூவாயிரம் பொய் ஆட்கள், இதை அழுத்து, அதைத் திற, அடுத்ததுக்குப் போ என்று வரிவரியாக எழுதியிருக்கும், ஒவ்வொரு அழுத்தலுக்கும் நடுவில் ஒரு வரி, இத்தனை நொடி சும்மா இரு. ஏனென்றால் நிஜ மனிதன் சும்மா இருப்பான். போன வருடம் சல்லடை தொழிற்சாலை வாசலில் சம்பளச் சீட்டு பார்க்கும் இயந்திரத்துக்குப் பின்னால் கைக்கடிகாரத்தோடு இரண்டு நாள் நின்று அளந்து வந்தார், சீட்டைத் திறந்த மனிதன் சராசரியாக எட்டு நொடி அதையே வெறித்துப் பார்க்கிறான், பிடித்தம் எவ்வளவு, கையில் எவ்வளவு, போன மாதம் இதைவிட அதிகமாக இருந்ததே... எட்டு நொடி. மாப்பிள்ளைக்கான கோப்பைத் திறந்தாள், 'யோசிப்பு: 8'. கிழவருக்கானது, 8. பையனுக்கானது. 'யோசிப்பு: 0'. அகப்பட்டுக்கொண்டீர்கள் ஐயா! மூவாயிரம் பேரையும் மனிதர்களாக விடாமல் பேய்களாக்கிப் பையன்மேல் ஏவிவிட்டிருக்கிறார், யோசிக்காத, இமைக்காத, பதில் வந்த கணமே மறுபடி அழுத்துகிற பேய்கள், அதற்கு நடுவிலும் அந்தப் பையன் நின்று பதினாலு லட்சம் தடவை பதில் சொல்லியிருக்கிறான், விழாமல்! கடிதத்தில் இதைச் சேர்க்க வேண்டும், கோப்பின் பெயர், வரி எண், கடைசியாகத் திருத்தியவர், தேதி. கோப்பின் தலையில் பார்த்தாள். தேதி ஆறு வருடத்துக்கு முந்தையது. திருத்தியவர், அதற்குப் பிறகு யாருமில்லை. எழுதியவர் என்ற இடத்தில் பெயர்ச் சுருக்கமாக இரண்டு எழுத்து. அவளுடைய இரண்டு எழுத்து.

குளிர்சாதனம் ஓடுகிற சத்தம் இதுவரை கேட்டதில்லையே, இவ்வளவு சத்தமா? அவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள், உட்கார்ந்தாள். ஆறு வருடம்... ஆமாம், அன்றைக்கும் போட்டியில் பையன் இருந்தான், பையனும் கிழவரும்தான், அப்போது கிழவர் கிழவர் இல்லை. கோப்பு எழுதி முடித்து ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்கும்போது யாரும் எட்டெட்டு நொடி காத்துக்கொண்டிருக்கமாட்டார்கள், யோசிப்பு நேரத்தைத் தற்காலிகமாகப் பூஜ்ஜியம் ஆக்கிவிட்டு ஓட்டிப் பார்ப்பார்கள், இந்தத் தொழிலில் எல்லாரும் செய்வதுதான், ஓடுகிறது என்று தெரிந்ததும் மறுபடி எட்டைப் போட்டுவிட்டு நிஜப் பரிசோதனையைத் தொடங்குவார்கள். எட்டு அப்போது குத்துமதிப்பாக வைத்த எண், சல்லடை போய் அளந்தபோது அது சரியென்று வந்ததில் அவளுக்குப் பெருமைகூட. அன்று சாயங்காலம் மகனைப் பள்ளியிலிருந்து அழைக்கப் போக வேண்டும், தாமதமாகிவிட்டது, மறந்துவிட்டாள். அவ்வளவுதான். மறந்துவிட்டாள். அப்படித்தான் இருக்க வேண்டும், வேறெப்படி... ஆனால் கிழவருடைய கோப்பில் மறக்கவில்லையே? இரண்டும் ஒரே வாரத்தில் எழுதியது. ஒன்றில் மறந்து ஒன்றில் மறக்காமல்... ஒருவேளை கிழவருக்கான கோப்பைக் காலையில் எழுதியிருப்பாள், காலையில் யாருக்குத்தான் மறதி வரும்.

அன்றைக்குப் பையனுக்காக வாதாடியவர் நெட்டை. அவளுக்குச் சரிசமமான பதவி, அடுத்த அறை, கதவு நிலையில் தலை இடிக்காமலிருக்கக் குனிந்தே நுழைந்து குனிந்தே நிற்கிற பழக்கம், எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்கிற மாதிரி இருக்கும். அந்தக் கூட்டத்தில் அவள் வரைபடத்தைத் திரையில் போட்டாள், பையனின் கோடு செங்குத்தாக ஏறிக் கூரையைத் தொட்டது, நெட்டை தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னார், 'எங்கயோ இடிக்குதும்மா. மனுஷங்க இப்படி அழுத்த மாட்டாங்க.' எல்லாரும் இருந்தார்கள், நிதி இயக்குநர் இருந்தார், அவள் கடைக்காரர் மகள், கூட்டத்தில் சிரிப்பு வாங்குவது எப்படியென்று தெரியாதா, 'இலவசமா கொடுக்கிறவனுக்காக இவ்வளவு வாதாடுறீங்களே சார், உங்களுக்கு எவ்வளவு கிடைக்குது?' என்றாள். சிரித்தார்கள். விளையாட்டுக்குக் கேட்டதுதான், இலவசச் சரக்குக்கு யார் கமிஷன் கொடுப்பார்கள், கேள்வியிலேயே அர்த்தமில்லை, அதுதான் நகைச்சுவை. நெட்டை பதில் சொல்லவில்லை. அவளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், கையிலிருந்த பேனாவின் மூடியைத் திறந்தார், மூடினார்... அந்த மௌனத்தில்தான் அவளுக்குள் விளையாட்டு வினையானது. யோசிக்கிறார். பாரேன், யோசிக்கிறார்! அப்பாவின் தராசு உள்ளே டக்கென்று சாய்ந்தது. பிறகு அவர் 'ஒண்ணும் கிடைக்கலைம்மா' என்று சொன்னபோது அது உருவாக்கிய விலையாகத்தான் கேட்டது. அவள் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவே வேண்டியிருக்கவில்லை, அவருக்கு வரவேண்டிய வேலைகள் சுற்றிக்கொண்டு வேறு மேசைகளுக்குப் போயின, இரண்டு மாதத்தில் அவரும் போய்விட்டார், ஒரு கோப்பை, ஒரு குடை, மேசைமேல் இருந்த மகள் படம், ஒரு பையில் அடங்கிவிட்டது. எவ்வளவு நேரம் யோசித்தார் அன்று? ஐந்து நொடி? பத்து? யாராவது கைக்கடிகாரத்தைப் பார்த்திருந்தால்... சம்பளச் சீட்டில் ஒரு பிடித்தத்தைப் பார்க்கிற மனிதனுக்கே எட்டு நொடி ஆகிறது.

பரிசோதனைக் கூடம் கீழ்த்தளத்தில், படியில் இறங்கும்போதே அவளுக்குக் கோபம் வந்துவிட்டது, தன்மேல் வரவேண்டிய கோபம்கூடச் சல்லடைமேல்தான் வந்தது, அது ஒரு சௌகரியம். கண்ணில் பட்டாலே பிடித்துவிடுகிற மனிதர், அவர் கண்ணில் இந்தப் பூஜ்ஜியம் படவில்லையா? பட்டிருக்கும், பட்டும் விட்டிருக்கிறார் என்றால் மாப்பிள்ளை ஜெயிக்கட்டும் என்றுதானே? அவர் திரைக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார், இல்லை, குனியவில்லை, திரை உயரமாக இருந்தது, திரைக்குக் கீழே நாலு தடிப் புத்தகங்கள், முதுகில் மாப்பிள்ளைக் கம்பெனியின் சின்னம். பக்கத்தில் பிரித்துப் போட்ட அட்டைப்பெட்டி. 'இது என்ன?' என்றாள். 'மேனுவல் மேடம். திரையில படிச்சா எனக்கு ஏறாது, அச்சுல கொடுன்னு ரெண்டு மாசமா அந்த டைக்காரனை உயிரை எடுத்தேன். இந்தக் காலத்துல பேப்பர்ல கேக்குற ஒரே ஆளு நீங்கதான் சார், மியூசியத்துலருந்து எடுத்துட்டு வந்தேன்னு சிரிக்கிறான். அஞ்சு புத்தகம். ஒண்ணைப் படிச்சேன், நாலு கழுத்து வலிக்கு உதவுது.' அவள் அட்டைப்பெட்டியின் உள்ளே எட்டிப் பார்த்தாள், வெறும் பெட்டி, அதன் அடியில் மடித்த அட்டை, அதற்குக் கீழே... சீ. 'பையனோட கோப்புல யோசிப்பு நேரம் சைபர்னு இருக்கு' என்றாள். 'ஆமா மேடம்.' 'ஆமாவா? தெரிஞ்சே ஓட்டினீங்களா?' சல்லடை நாற்காலியைத் திருப்பினார். 'கையெழுத்துப் போட்ட கோப்பை எழுதினவங்க அனுமதி இல்லாம தொடக்கூடாதுன்னு விதி போட்டதே நீங்கதானே. போன மாசம் உங்களுக்கு எழுதிக் கேட்டேனே, அதுல ஒரு எண்ணை மாத்தலாமான்னு. இருக்கிறபடியே ஓட்டுங்கன்னு ஒரு வரி பதில் போட்டீங்க.'

போட்டாள். நினைவிருக்கிறது. விலைப்புள்ளிகள் வந்து இறங்கியிருந்த வாரம், அந்த நேரம் பார்த்து ஒரு ஆள் பழைய கோப்பில் கை வைக்க அனுமதி கேட்கிறார், எதற்கு? எந்த எண் என்றுகூட அவள் படித்துப் பார்க்கவில்லை, மோப்பம் பிடித்துவிட்டதாக நினைத்துக் கதவைச் சாத்தினாள், உள்ளே இருந்தது அவளுடைய சரக்கு. 'அறிக்கையில அடிக்குறிப்புகூட போட்டிருக்கேன் மேடம், யோசிப்பு நேரம் கையொப்பமிட்ட கோப்பின்படின்னு.' 'அடிக்குறிப்பை யாரு படிப்பா?' 'நீங்க படிப்பீங்கன்னுதான்' என்றார் சல்லடை, கிண்டலா அது? முகத்தில் ஒன்றுமில்லை. அவள் கேட்டாள், குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்டாள், 'இந்தச் சைபரை நீங்க எப்ப கவனிச்சீங்க?' 'போன மாசம்தான் மேடம்.' பட்டென்று. கேள்வி முடிவதற்குள் பதில். கண் உருளவில்லை, கை எதையும் தேடவில்லை. அப்பாவாக இருந்தால் தோளில் தட்டிக் கொடுத்திருப்பார். ஆனால் அவளுக்கு இப்போது, இன்று மதியத்திலிருந்து, நொடிகள் வேறு மாதிரி ஒலிக்கத் தொடங்கியிருந்தன... யோசிக்காமல் பதில் சொல்வது யார்? எழுதிவைத்ததைப் படிக்கிற பொய் ஆட்கள்தானே? பதினோரு வருடமாக இங்கே இருப்பவர், ஆறு வருடத்துக்கு முன்னால் இதே கூடத்தில் உதவியாளராக இருந்தவர், நெட்டையோடு ஒரே மேசையில் சாப்பிட்டவர்... போன மாதம்தானா? 'எட்டு போட்டு மறுபடி ஓட்டுங்க. என் அனுமதி. எழுத்துல வேணும்னா எழுதித் தரேன்' என்றாள். 'எழுதிக் கொடுத்திடுங்க மேடம்' என்றார் சல்லடை. அவரும் சந்தேகப்படுகிறார் போலிருக்கிறது. நல்லது, குடும்பத்தில் ஒருவர்.

இரண்டரைக்குத் தொடங்கியது, மூன்றரை வரை ஓட வேண்டும். அவள் மேலே போகவில்லை, அங்கேயே ஒரு சக்கர நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள், சல்லடைமேல் நம்பிக்கை இல்லாததாலா, அறைக்குப் போனால் அந்தக் கடிதம் திரையில் விழித்துக்கொண்டிருக்கும் என்பதாலா? திரையில் பையனின் கோடு ஊர்ந்தது. மூவாயிரம் பேர் அழுத்தினார்கள், நிறுத்தினார்கள், எட்டு நொடி பிடித்தத்தைப் பார்த்தார்கள், பெருமூச்சு விட்டார்கள், அடுத்ததை அழுத்தினார்கள். கோடு தரையோடு ஒட்டிப் போயிற்று, ஏறவே இல்லை. மாதக் கடைசியில் கிழவர் விழுந்த நாட்களை அவள் எண்ணினாள், முப்பத்தொன்றோ முப்பத்திரண்டோ, ஒரு தடவை மூன்றரை மணி நேரம், தொழிற்சாலை வாசலில் கல் விழுந்ததாகக்கூடச் சொன்னார்கள், அன்றெல்லாம் அவள் என்ன சொன்னாள்? இதைவிட மோசமானதைத் தவிர்த்திருக்கிறோம், வரைபடம் இருக்கிறது, பாருங்கள். மூன்று முப்பத்திரண்டுக்கு எண் வந்தது, அரை நொடிக்குக் கொஞ்சம் குறைவு. முப்பதுக்கு இருபத்தேழு. பையன், மொத்தம், எண்பத்துநாலு. மாப்பிள்ளை எண்பத்திரண்டிலேயே நின்றார். சல்லடை கழுத்தைச் சொடுக்கினார், இந்தப் பக்கம், அந்தப் பக்கம். ஓ. கழுத்துதான்.

கூட்ட அறையில் நிதி இயக்குநர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார், தலைக்கு வெளியே முடியும் தலைக்குள்ளே மறதியும் இல்லாத மனிதர், தாளை வாங்கினார், பத்தொன்பது லட்சத்து நாற்பதாயிரத்தின்மேல் விரலை வைத்தார், அந்த விரலை அப்படியே நகர்த்திப் பையனின் வரியில் இருந்த வெற்றிடத்துக்குக் கொண்டுபோனார். 'இலவசமே ஜெயிச்சிடுச்சா? காலையில வந்த தாள்ல வேற மாதிரி இருந்துதே?' அவள் சொன்னாள். பூஜ்ஜியத்தைச் சொன்னாள், கோப்பைச் சொன்னாள், எழுதியவர் யார் என்பதையும் சொன்னாள். சொல்லிவிட்டோம் என்பதில் ஒரு லேசான பெருமைகூட எட்டிப் பார்த்தது, அதையும் சந்தேகத்தோடு பார்த்தாள். இயக்குநர் தாளிலிருந்து தலையைத் தூக்கினார். 'அப்போ ஆறு வருஷத்துக்கு முன்னாடி இதே பையனைத்தானே வேணாம்னு தள்ளினோம்? அந்த உயரமான ஆளு... இவனுக்காக நின்னாரே.' 'ஆமா சார்.' 'அன்னைக்கும் அதே கோப்புதானா?' 'ஆமா சார்.' 'மாத்தி வைக்க மறந்துட்டீங்களா?' 'ஆமா சார், மறந்துட்டேன்.'

பட்டென்று. அவர் கேட்டு முடிக்கும் முன்பே. சுவர்க் கடிகாரத்தின் முள் அடுத்த கோட்டுக்குப் போவதற்குள்... ஒரு இமைப்பு இல்லை, ஒரு பேனா மூடி இல்லை. எப்போது தயாரித்து வைத்த பதில் அது, இன்று மதியமா, அதற்கும் முன்னாலா? மகனை அழைக்கப் போகும் அவசரம் என்று சொன்னதெல்லாம்... அந்த வருடம் மகன் பள்ளிப் பேருந்தில்தானே வந்துகொண்டிருந்தான்? இல்லை, அது அடுத்த வருடம். அடுத்த வருடமா? இயக்குநர் திருப்தியாகத் தலையாட்டினார், பட்டென்று சொல்கிறவர்களை அவருக்கும் பிடிக்கும், 'நடக்கிறதுதான்' என்றார், தாளை அவள் பக்கம் நகர்த்தினார், அவள் கையெழுத்துப் போட்டாள். அனுப்பாத கடிதம் ஞாபகம் வந்தது, அதை அழிக்க வேண்டும், அல்லது அழிக்கத் தேவையில்லை, பெட்டியை எடுத்துவிட்டுத் தன் பெயரையும் பழைய தேதியையும் போட்டால் மற்ற வரிகளெல்லாம் அப்படியே பொருந்தும், 'வேண்டுமென்றே' என்ற ஒரு சொல்லைத் தவிர, அதை வைப்பதா எடுப்பதா... மற்றவர்கள் எழுந்து நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டிருந்தபோது அவள் தாளின் ஓரத்தில் பென்சிலால் ஒரு பழைய கணக்கைப் போட்டாள். ஆறு வருடத்துக்கு முந்தைய தாள், கிழவர் எழுபத்தொன்று, பையன் ஐம்பத்திரண்டு, பையனின் வேகத்துக்கு விட்டுப்போனது இருபத்துமூன்று, கூட்டினால் எழுபத்தைந்து. நாலு மதிப்பெண்ணில் ஒரு ஆள், நெட்டை. கணக்குத் தீர்ந்தால் அப்பா கீழே இரண்டு கோடு இழுப்பார், தீராத கணக்கென்றால் ஒன்றோடு நிறுத்திப் பக்கத்தை மடித்து வைப்பார். அவள் எழுபத்தைந்துக்குக் கீழே ஒரு கோடு போட்டாள், பென்சில் இரண்டாவது கோட்டுக்கு இறங்கிக் காகிதத்தைத் தொடாமல் நின்றது, ஒன்று, இரண்டு, மூன்று... எட்டு வரைக்கும் எண்ணினாள், கோடு போடவில்லை, தாளை மடித்தாள்.